நான்கு மணி நேரம், உணவு இடைவேளை நீங்கலாக

ஹேவ்லாக் சதுக்கம், நீதிமன்றக் கோபுரம், பத்தொன்பதாம் மாடி.
எலும்பைத் தேடி வரும் குளிர்.
உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று
காலையிலேயே சத்தியம் செய்தாயிற்று.

சாட்சி, கடவுச்சீட்டில் பவுலின் எஸ்தர்.
கேலாங்கில், இரட்டைப்படை லோரோங் ஒன்றில், டிம்பிள்.
வயது முப்பத்தொன்று.
ஊர் திண்டிவனம் தாண்டி, பேருந்து நிற்காத இடம்.
நடனக்காரி என்று எழுதித்தான் அழைத்து வந்தார்கள்.
ஒன்பது நாள் ஆடினாள்.

அரசு வழக்கறிஞரின் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன்.
அந்த ஆங்கிலச் சொல்லுக்கு
எங்கள் கலைச்சொல் பட்டியலில் இரண்டு தமிழ்.
கையூட்டு என்றேன். விழித்தாள்.
மனநிறைவு என்றேன்.
"மனநிறைவா? யாருக்கு?"
சிரிப்பைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டாம் என்றார் நீதிபதி.

பிறகு சொன்னாள்.
மாதம் ஒருமுறை சிவப்பு உறை.
சீனப் புத்தாண்டு போய் ஏழு மாதம் ஆகியும் அங்பாவ்.
உள்ளே எட்டு ஐம்பது வெள்ளித் தாள்.
வீட்டுக்காரி கொடுப்பாள், இவள் கொண்டுபோய்த் தரணும்.
வெள்ளிக்கிழமை என்றால் உறை இல்லை,
இவள் மட்டும்.
பதிலுக்கு அவரிடமிருந்து கைப்பேசியில் ஒரு குடைப் படம் வரும்.
எழுத்து கிடையாது, வெறும் குடை.
குடை வந்த இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு
பின்சந்து வழியாகப் போய்
தவுகே கடையில் உட்கார்ந்திருப்பார்கள், விடியும்வரை.
ஆகஸ்டில் ஒரு வியாழன் குடை வரவில்லை.
ஆட்கள் வந்தார்கள்.

சான்றுப் பொருள் ஆறு: சிவப்பு உறை, ஒன்று.
சான்றுப் பொருள் ஏழு: உறை, பதினொன்று, பிரிக்காதவை.
இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்.
அவள் குழம்பவில்லை, நான்தான்.

"நான் செஞ்சது குத்தமா சார்?"
யாரும் கேட்காத கேள்விக்கு அவளாகவே போனாள்.
நீதிபதி பொறுமையாக விளக்க, நான் தமிழாக்கினேன்.
விற்பது குற்றம் இல்லை.
தெருவில் நின்று அழைத்தால் குற்றம்.
அதற்கென்று வீடு நடத்தினால் குற்றம்.
அந்தக் காசில் இன்னொருவர் சாப்பிட்டால் குற்றம்.
தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"எம் பையன் அந்தக் காசுலதான் சாப்பிடறான்.
அவனையும் புடிப்பீங்களா?"
இதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.
தட்டச்சுக்காரர் அடித்து முடித்தார்.
அடுத்த கேள்வி என்றார்கள்.

எதிர்த்தரப்பு எழுந்தது.
ஒருமுறையாவது முடியாது என்று சொன்னதுண்டா?
"சாரை எப்படி சார் முடியாதுங்கறது?"
ஒரே வாக்கியத்தில் இரண்டு சார்.
பேனாவை நிறுத்தி, எவரைச் சொல்கிறாள் என்றார் நீதிபதி.
நியாயம்தான். காலையிலிருந்து அவளுக்கு
நீதிபதி சார், அரசு வழக்கறிஞர் பெண்மணி, அவரும் சார்,
தண்ணீர் வைத்துப்போன காவலர் சார்.
கையை நீட்டினாள்.
கூண்டில், மடிப்புக் கலையாத நீலச் சட்டையில் போய்
விரல் நிற்பதற்குள்
அறையில் நான்கு பேரைக் கடந்தது.
நால்வரும் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தார்கள்.

இடைவேளையில், லிப்ட் பக்கத்தில்,
"அக்கா, நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா?"
சாட்சியோடு பேசக் கூடாது.
தலையை அசைத்தேன்,
ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாதபடி.

ஆறு மாதம் சிறப்பு அனுமதிச் சீட்டில் வைத்திருந்தார்கள்.
வேலை செய்யக் கூடாது, ஊருக்கும் போகக் கூடாது,
வழக்குக்குத் தேவைப்படுகிறாள்.
சாட்சி சொன்ன மூன்றாம் நாள் விமானம்.
நான் படிவத்தில் மணிக்கணக்கு எழுதிக் கையெழுத்திட்டேன்.

தீர்ப்பைத் தேக்காவில் படித்தேன்,
வஞ்சிரம் வெட்டும்வரை காத்திருந்தபோது, கைப்பேசியில்.
சிறை. அதோடு வாங்கிய தொகைக்கு ஈடாக அபராதம்.
மாதவாரியாகக் கூட்டியிருந்தார்கள்,
ஒரு தாள்கூட விடவில்லை.
வெள்ளிக்கிழமைகளைத் தேடி
மறுபடி மேலிருந்து படித்தேன்.
துண்டு பெரிசா சின்னதா என்று
மீன்காரர் இரண்டுதரம் கேட்டுவிட்டார்.